முழு வீடியோவைப் போடச் சொன்னேன்

போன வருஷம் தவக்காலத்துல நடந்தது இது. தூத்துக்குடிக்கும் வேம்பாருக்கும் நடுவுல ஒரு கடற்கரை ஊரு எங்களுக்கு.

கரையில ஒதுங்குற குப்பையைப் பொறுக்கி, அதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராம்ல போடுறது என் வழக்கம். வருஷக்கணக்கா தொண்டை கிழியப் பேசியும் சொந்தக்காரங்க நாலு பேர் லைக் போடுவாங்க, அவ்வளவுதான். அடுத்த தெருவுல தையல்கடை வச்சிருக்கிற என் தோழி, ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கரைப்பக்கம் போயிருக்கா. அங்க ஒரு ஆமை பிஞ்ச வலையில சிக்கி ஒதுங்கிக் கிடந்திருக்கு. மக போனைப் பிடிக்க, இவ வலையை வெட்டி ஆமையைக் கடல்ல விட்டா. ஒரே நாள்ல லட்சம் பேர் பாத்துட்டாங்க! டிவிக்காரங்க வேற வந்து பேட்டி எடுத்துட்டுப் போனாங்க.

எனக்கு வயித்தெரிச்சல்னா அப்படி ஒரு வயித்தெரிச்சல். சோறு இறங்கல. திரும்பத் திரும்பப் பாத்து ஒரு குறையைக் கண்டுபிடிச்சேன். ஆமைத் தலையும் அவ கையும்தான் தெரியுது, வலை சரியா தெரியவே இல்ல. மாட்டுனாடான்னு, என் பேர்லயே கீழ எழுதினேன்: 'நெஜமா, நடிப்பா? முழு வீடியோவைப் போடுங்க பாப்போம்.' என் வாழ்நாள்ல அதிகமா லைக் வாங்குனது அந்தக் கமெண்ட்டுதான். பின்னாலயே ஆளாளுக்கு அவளை டிராமாக்காரின்னு ஏச ஆரம்பிச்சிட்டாங்க. அன்னைக்கு நான் நல்லா சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவ வாட்ஸ்அப்ல முழு வீடியோவை எனக்கு அனுப்பினா. எங்க ஊர்ல ஒவ்வொரு வீட்டு வலை மிதப்புக்கும் தனி பெயிண்ட் அடையாளம் உண்டு. ஆமையை இறுக்கியிருந்த வலையோட மிதப்புல பச்சையும் மஞ்சளும். எங்க வீட்டு அடையாளம்! பாறையில மாட்டிக்கிட்டதுன்னு என் வீட்டுக்காரர் கடல்லயே அறுத்து விட்டுட்டு வந்த வலை.

கூடவே அவ குரல்: "ஏளா, உங்க வீட்டு அண்ணன் பேரு கெட்டுரக் கூடாதுன்னுதான் வலை தெரியுற இடத்தை வெட்டிட்டுப் போட்டேன். இப்ப நீயே முழுசா கேக்க. என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

வீட்டுக்காரர்கிட்ட போனைக் காட்டினேன். "போட்ராத, ஊர்ல தலை காட்ட முடியாது"ன்னாரு. அங்க அவளை ஏசிக்கிட்டே இருக்காங்களே! முழுசையும் என் இன்ஸ்டா பக்கத்துலயே போட்டு, 'இது எங்க வலை. எங்களுக்காகத்தான் அவ மறைச்சா'ன்னு எழுதினேன். ஏச்செல்லாம் எங்க பக்கம் திரும்புச்சு. வீட்டுக்காரர் ரொம்ப நாள் முகம் குடுத்துப் பேசல.

இப்பவும் அவ வீடியோ ஓடுனா எனக்குப் பொறாமை வரத்தான் செய்யுது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவ இடத்துல நான் இருந்திருந்தா, லட்சம் பேர் முன்னால அவ வீட்டு மானத்தைக் காப்பாத்தியிருப்பேனான்னு மனசு கேட்டுக்கிட்டே இருக்கு.