வலது காலை மட்டுமே வைத்து ஏறியவள்

2002 சித்திரையில் ஒரு பிற்பகல். மாடியிலிருந்து இறங்கும்போது என் வலது முழங்கால் சிக்கிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். அப்போது கீழ் அறையில் அந்த ஓசை கேட்டது.

அது என் அம்மா தரையில் நகரும் ஓசை. அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைசி ஆறு ஆண்டுகள் அம்மா நடக்கவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து நகர்வாள். சிமெண்டுத் தரையில் புடவை உரசும். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு. எங்கள் வீட்டில் யாருக்கும் அது மறக்காது.

ஒரு நாளிதழுக்குப் பதினேழு ஆண்டுகள் காஞ்சிபுரம் செய்திகளை எழுதியவள் நான். கேட்டதை உடனே நம்பிவிடும் பழக்கம் இல்லை. எலியா என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தறியா என்று விசாரித்தேன். அவர்கள் அன்று நெய்யவில்லை. அதன்பின் ஓசை கேட்ட நேரங்களைக் குறித்து வைத்தேன். பத்து நாளில் நான்கு முறை. நான்கும் பட்டப்பகலில். நான்கும் என் முழங்கால் வலித்த வேளையில்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நானும் அப்படித்தான் ஆகப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. சாவுக்கு நான் பயப்படவில்லை. அந்த நகர்தலுக்குப் பயந்தேன்.

எக்ஸ்ரே எடுத்த டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்றார். எடையைக் குறைத்துத் தொடைத் தசைக்கு வலு ஏற்றினால் சமாளிக்கலாம் என்றார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், பெண்களுக்கு ஸ்டெப் ஏரோபிக்ஸ் வகுப்பு தொடங்கியிருந்தார்கள். மெதுவாகச் செய்வதென்றால் செய்யலாம் என்று டாக்டர் அனுமதித்தார். சேர்ந்தேன்.

சொல்லிக் கொடுத்தவள் செல்வி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், நெசவாளர் வீட்டுப் பெண். ஏறி இறங்கும் பலகைகளைத் தறி செய்யும் ஆசாரி ஒருவரிடம் சொல்லிச் செய்திருந்தாள். எனக்கு மட்டும் நான்கு அங்குல உயரத்தில் ஒன்று. பதினாறு பெண்கள், ஒரு டேப் ரிக்கார்டர், சினிமாப் பாட்டு.

"லலிதாக்கா, பலகை கடிக்காது! முழுக் காலையும் வைங்க. மொட்டை மாடிக்கு வத்தல் காயவைக்கப் போற மாதிரி இன்னாக்கா அவ்ளோ யோசனை?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

"எனக்குத் தேய்மானம்மா."

"அதுக்குத்தான் தாழ்ந்த பலகை குடுத்துக்கிறேன். வலிச்சா நிறுத்திடுங்க. வீரம் காட்டாதீங்க, சொல்லிட்டேன்."

நிமிடத்துக்கு ஒருமுறை "கால் மாத்து!" என்று கத்துவாள். வலது காலால் ஏறிக்கொண்டிருந்தவர்கள் இடது காலுக்கு மாறுவார்கள். நான் மாறமாட்டேன். தரையிலேயே நின்று கால்களை அசைத்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி வலது வரும்போது ஏறிக்கொள்வேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றதால் செல்வி பார்க்கவில்லை. சில நாட்களில் அப்படி நிற்பதும் போய்விட்டது. மற்றவர்கள் இடது வைக்கும்போதும் நான் வலதையே வைத்தேன். அதை நான் ஒரு தவறாக நினைக்கவில்லை. சொல்லப்போனால், நினைக்கவே இல்லை.

காரணம் இருந்தது. அம்மா கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்தபோது தவறி இடது காலை எடுத்து வைத்துவிட்டாள். அந்த வாரமே மாமனார் தறிக்குழியில் மயங்கி விழுந்து இறந்தார். அதிலிருந்து அந்த வீட்டில் அம்மாவுக்கு 'இடதுகால்காரி' என்று பெயர். பால் திரிந்தாலும் அவள் கால், தறியில் பாவு நூல் அறுந்தாலும் அவள் கால். அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் என்னை வளர்க்கும்போது, வாசல், படி, பஸ், மணை எதுவானாலும் பின்னாலிருந்து அவள் குரல் வரும். "வலது காலு, லலிதா. வலது காலு." பலகையில் ஏறும்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

ஆவணி முடிவதற்குள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இரவல் குச்சி ஒன்றை ஊன்றிக்கொண்டு டாக்டரிடம் போனேன். வகுப்பை நிறுத்தச் சொன்னார். "இனி படியே ஏறாதீங்கம்மா" என்றார். வீட்டுக்கு வந்தேன். ஓசை அன்று மாலைவரை நிற்கவில்லை. நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தரையைப் பார்க்கவே முடியவில்லை.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை வரதர் கோயிலுக்குப் போனேன். எதையும் கேட்கப் போகவில்லை. பெருமாள் சன்னதி இருக்கும் அத்திகிரிக் குன்றுக்கு இருபத்து நான்கு படிகள். இனி ஏற முடியாது. கடைசியாக ஒருமுறை ஏறிப் பெருமாளிடம் சொல்லிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன்.

கூட்டம் நெருக்கியது. குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து ஏறினேன். ஏழாவது படியில் முழங்கால் சிக்கியது. மேலேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, கல் தரையில், அந்த உரசல் எனக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். "வரதா, என்னைத் தரையில் இழுபட விடாதே." அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாமா, நின்னுட்ட? மாகறல் பஸ்சு போயிடும், நகரும்மா."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு நெசவாளர். சட்டைப் பையில் பட்டு நூல் ஒட்டியிருந்தது. எனக்கு இரண்டு படி கீழே நின்றதால் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது என் கால்தான்.

"முட்டி வலிக்குதுப்பா. ஏற முடியல."

"எப்படி முடியும்? முதல் படிலேர்ந்து பாத்துக்கினே வரேன், வலது காலையே வைக்கிற. இடதை சும்மா பின்னாடி இட்டுக்கினு வர. ஒத்தை மிதிக்கட்டையை மிதிச்சா தறி ஓடுமா? மாத்தி மாத்தி மிதிச்சாத்தானே துணி?"

"கோயில் படி. வலது காலை வச்சுத்தான் ஏறணும்."

"வாசல்ல வச்ச இல்ல? அதோட சரி. இடது காலை இன்னா கடையிலயா வாங்கின, அதுவும் அவர் குடுத்ததுதான். வையிமா, பின்னாடி ஜனம் நிக்குது."

அவருக்குத் தெரியாது, அவர் என்னை எதைச் செய்யச் சொன்னார் என்று. நாற்பத்தேழு வயதில் முதன்முறையாக, ஒரு படியில் இடது காலை முன்னால் வைத்தேன். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. இடது கால் என் உடம்பைத் தாங்கி மேலே தூக்கியது. வலது கால் வலியில்லாமல் பின்னால் வந்தது.

இருபத்து நான்கும் ஏறினேன். பெருமாள் முன்னால் நின்றபோதுதான் இன்னொன்று விளங்கியது. அம்மாவுக்கும் முதலில் போனது வலது முழங்கால். சாயம் போட்ட நூலை உலர்த்த அவள் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது மாடி ஏறுவாள். எல்லாப் படியையும் வலது காலால்தான் ஏறினாள். அவளை ஊனமாக்கியது எது என்று ஒரு தலைமுறை கழிந்து எனக்குத் தெரிந்தது. அங்கேயே அழுதேன்.

வீக்கம் வடிந்த பிறகு டாக்டரிடமும் செல்வியிடமும் உள்ளதைச் சொன்னேன்.

செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "நாலு மாசமாவா? தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு ஏமாத்திக்கினு இருந்தீங்களா? நாளைலேர்ந்து முதல் வரிசை." டாக்டர் தசைப் பயிற்சியிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அதே தாழ்ந்த பலகை, ஏறும்போது பெரும்பாலும் இடது காலே முன்னால். தை மாதத்தில் குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எக்ஸ்ரே இன்றும் மாறவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் நடக்கிறேன். ஓசையும் முழுதாக நிற்கவில்லை. மழை நாட்களில் எப்போதாவது கேட்கிறது. கேட்டால் அந்த அறைக்குள் போய், "உன் கால்மேல் தப்பில்லைம்மா" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

மறு வருடம் அந்த நெசவாளரைத் தேடி மாகறல் போய் நன்றி சொன்னேன். அவருக்கு நினைவே இல்லை. "நானா சொன்னேன்? பஸ்சு அவசரத்துல யாரையாவது திட்டியிருப்பேம்மா" என்றார். அவசரத்தில் இருந்த அந்த மனிதரின் வாயால்தான் பெருமாள் எனக்குப் பேசினார் என்று நான் நம்புகிறேன்.

முழங்கால் வலியோடு இதைப் படிக்கிறவர்கள் டாக்டரிடமும் போங்கள், பெருமாளிடமும் போங்கள். மேலே ஏறினால்தான் கேட்பார் என்று கலங்காதீர்கள். என் பிரார்த்தனையை அவர் ஏழாவது படியிலேயே கேட்டுவிட்டார். மீதிப் பதினேழு படியும் நன்றி சொல்லத்தான் ஏறினேன்.