கிழங்குக் கடையில் ஒரு தீவின் தேர்தல்

பாரிசிலிருந்து வந்த நான் லண்டன் டூட்டிங்கில் செல்வம் அண்ணையின் கடைக்குள் மரவள்ளிக்கிழங்கு வாங்கத்தான் நுழைகிறேன். கிழங்குப் பெட்டியில் சாய்த்து வைத்த போனைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். கரீபியனில் அவர்களுடைய சின்னத் தீவில் வோட்டு எண்ணுகிறார்கள். சிவப்புத் தொப்பி போட்ட டெஸ்மண்டின் தொகுதியில் மட்டும் இரண்டாம் தடவை எண்ணுகிறார்களாம். நானும் கிழங்கை மறந்து போனை எட்டிப் பார்க்கிறேன்.

"இவர் ஊருக்குப் போய் வோட்டுப் போடேல்லையே அண்ணை?"

"இவர் சிவப்புக் கட்சி, மனுசி மஞ்சள். ரெண்டு பேரும் போனால் வோட்டுக்கு வோட்டு சரியாப் போயிடும், பிறகேன் பிளேன் ஏறுவான் எண்டு ரெண்டு பேரும் நிக்கிறதாப் பேசினவை. மனுசி தமக்கையைப் பாக்க பேர்மிங்ஹாம் போயிட்டா."

அந்தத் தொகுதியின் முடிவு வருகிறது. மஞ்சள் கட்சி ஒரே ஒரு வோட்டால் வெல்கிறது. கடையே அதிர்கிறது. போனில் இப்போது அந்தத் தீவின் தெரு. லொறியின் மேல் மஞ்சள் சட்டைக்காரர்கள் ஆடுகிறார்கள். முன்னால் நின்று, மை பூசிய விரலை உயர்த்தி ஆடும் பெண்ணைக் கண்டதும் அண்ணை சட்டென்று போனைக் கவிழ்க்கிறார்.

டெஸ்மண்ட் அதை மெதுவாக நிமிர்த்திப் பார்க்கிறார்.

"பேர்மிங்ஹாமில் இன்று நல்ல வெயில் போல," என்கிறார்.