சுடாத கால்

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் அந்த வயதில் எனக்கு இரண்டு வழிகள்தான் ஒழுங்காகத் தெரியும். ஒன்று ரேஷன் கடைக்குப் போவது, மற்றது பள்ளிக்கூடத்திலிருந்து தப்பி வருவது. அப்படிப்பட்ட என்னைப் போய், திண்டுக்கல்லிலிருந்து ஊர் பார்க்க வந்தவர்களுக்கு வழிகாட்டியாகப் போட்டார்கள். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் குப்பை வண்டி வேலை, அம்மாவுக்கு மீன் கம்பெனியில் வேலை. வீட்டில் வெட்டியாக இருந்தது நான் ஒருத்திதான்.

வந்தவர்கள் மூன்று பேர். அம்மாவின் அக்காவான என் பெரியம்மா, அவளோடு நூல் மில்லில் வேலை பார்க்கும் சிநேகிதிகள் இரண்டு பேர். உயரமாக இருந்தவளை உயரச் சித்தி என்றும், கண்ணாடி போட்டவளைக் கண்ணாடிச் சித்தி என்றும் கூப்பிட்டேன். பேர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மூளை இருந்திருந்தால் நான் ஏழாம் வகுப்பையாவது தாண்டியிருப்பேன்.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்திருந்தது. வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காலில் செருப்பில்லாமல் நடந்து போகிறவள் அவள். அந்த வருடம் டாக்டர் விடவில்லை. நன்றாக நடந்து, பார்த்துச் சாப்பிட்டுச் சர்க்கரையைக் குறைத்தால் அடுத்த பூசத்துக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். நடக்க முடியாமல் போனதில் பெரியம்மா வாரக்கணக்கில் அழுதாளாம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சிநேகிதிகள் இருவரும் லீவு போட்டுவிட்டு அவளைக் கொச்சிக்குக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாள் முழுக்க ஆட்டோ ஏறக்கூடாது, எண்ணெய்ப் பலகாரம் தொடக்கூடாது என்பது ஏற்பாடு.

வைட்டிலாவில் பஸ் மாறி வந்து இறங்கியதுமே பெரியம்மா செருப்பைக் கழற்றி எங்கள் வாசலில் விட்டாள்.

"பழனிக்குப் போறவளுக்குச் செருப்பு எதுக்குடி? காலு பழக்கம் மறந்து போயிரும். நீங்களும் கழட்டுங்கடி."

சித்திகள் கழற்றினார்கள். நானும் கழற்றினேன். என் செருப்பு ஏற்கெனவே ஊக்குப் போட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதால் பெரிய தியாகமெல்லாம் இல்லை.

காலையில் புட்டும் கடலையும். பெரியம்மா புட்டில் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டுக் கடலையை மட்டும் சாப்பிட்டாள். சாயாக்கடைச் சேட்டனிடம் நான் எஜமானி மாதிரி, "மூணு சாயா, ஒரு வித்தவுட்" என்று சத்தம் போட்டேன். சர்க்கரை போடாத சாயாவுக்கு இங்கே அதுதான் பேர். பெரியம்மா அதைக் கண்ணை மூடிக்கொண்டு கஷாயம் போலக் குடித்தாள்.

அப்புறம் நடை. சுக்கும் மிளகும் மணக்கிற கிட்டங்கித் தெரு வழியாகக் கோட்டைக் கொச்சி வரைக்கும் நடந்தோம். வழி தெரியாத இடத்தில் நான் நேராகக் கை காட்டுவேன். அது முட்டுச் சந்தில் கொண்டுபோய் விடும். "நல்லதுதாண்டி, நடை கூடுது" என்பாள் பெரியம்மா. கரையில் நின்று சீன வலை ஏறி இறங்குவதைப் பார்த்தோம். மத்தியானம் ஒரு சின்னக் கடையில் சிவப்பு மட்டை அரிச் சோறும் மீன் கறியும் தேங்காய்ப்பூ போட்ட பயறுத் தோரனும். பெரியம்மா ஒரு கரண்டிச் சோறு வாங்கிக்கொண்டு தோரனை மூன்று தடவை கேட்டு வாங்கினாள். பொரித்த மீனின் வாசனை வந்தபோது மட்டும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அவள் பங்கு பொரித்த மீனை, அவளுடைய உடல்நலம் கருதி, நானே தின்று தீர்த்தேன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் சித்திரை வெயில். தார் ரோடு தோசைக்கல்லாகக் கிடந்தது. உயரச் சித்தி கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஒரு மரத்தடிக்கு ஓடினாள். கண்ணாடிச் சித்தி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். நான் கூப்பிடச் சாமி எதுவும் தோன்றாமல் "எண்டம்மே" என்று அலறிக்கொண்டு ஓடினேன். பெரியம்மா மட்டும் நடு ரோட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது, நெருப்புல எறங்குன மாதிரி ஆடுறீங்க? எனக்கு ஒண்ணுமே சுடலையே!"

"உனக்கென்ன ஆத்தா, பழனி ரோட்டுல பழுத்த காலு" என்றாள் உயரச் சித்தி. "நாங்க மில்லுல ஃபேனுக்கடியில நிக்கிறவளுக."

"நானும் அங்கனதான நிக்கிறேன்? பாருங்கடி, முருகன் என் காலுல உக்காந்திருக்கான். அடுத்த பூசத்துக்கு நான் நடக்குறேன். எந்த டாக்டரு மறிக்கிறான்னு பாத்துருவோம்!"

அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அவள் முகத்தில் பார்த்ததில்லை. நடைபாதையில் விற்ற ரப்பர் செருப்பைச் சித்திகள் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார்கள். பெரியம்மா சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். அந்த வெயிலில், அந்தத் தாரில், வீடு வரைக்கும். பின்னால் வந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரே வந்த என் வகுப்புப் பையனிடம், "எங்க பெரியம்மாவுக்குச் சுடாது, தெரியுமோ?" என்று பீற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்தபோது பெரியம்மா திண்டில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் ஈரத் தடம். பிறகு அக்காவின் உள்ளங்காலைப் பார்த்தாள்.

தோல் குமிழ் குமிழாக எழும்பி, உடைந்து, ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அடியில் சிவப்பாக இருந்தது.

"அக்கா, இதெந்தா இது? வலிக்கலையா உனக்கு?"

பெரியம்மா காலை மடக்கி, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இல்லையேடி."

அம்மா ஆட்டோ பிடிக்க ஓடினாள். கண்ணாடிச் சித்தி அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஏனோ வெகுநேரம் அங்கேயே நின்றாள். ஜெயித்தவளுக்கு ஏன் யாரும் கை தட்டவில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது.

அந்தக் கால் அடுத்த பூசத்துக்கு இல்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா எந்த ஊரும் பார்க்க வரவில்லை. சர்க்கரை முதலில் காலிலிருந்து வலியைத்தான் திருடும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எங்களிடம் சொன்னாள். அதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அன்றைக்கு, ஆட்டோ வருவதற்குள், பெரியம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஒரு வெளாட்டு வெளாடுவோமா? நான் கண்ண மூடிக்கிறேன். நீ என் கால் வெரல்ல ஒண்ணப் புடி. எதுன்னு நான் சொல்றேன்."

சுண்டு விரலைப் பிடித்தேன்.

"கட்டை வெரலு."

தப்பு. எனக்கு ஒரே குஷி. வீட்டில் என்னைத் தவிர இன்னொரு மண்டு கிடைத்துவிட்டாள். அடுத்து நடுவிரலைப் பிடித்து, நகம் வெளுக்கும்படி அழுத்தினேன்.

பெரியம்மா காத்திருந்தாள்.

"புடி சாமி. ஏன் சும்மா இருக்க?"

"பிடிச்சிட்டுத்தானே இருக்கேன் பெரியம்மே!"

என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொருக்கா புடி" என்றாள்.