மூணு ஏஜெண்டுக்கு ஒரு ஃபிட்டர்

கான்ட்ராக்ட் ஃபிட்டருக்கு வேலை இருக்கும்போது ஒரு முதலாளி. வேலை இல்லாதபோதுதான் மூன்று முதலாளிகள். ஏஜெண்டு வாசலில் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் இதை நான் விளக்கவே வேண்டாம். நீங்களும் சோற்றில் கை வைத்தபடியே தெருவைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் மணி கேட்டால் கையைக் கழுவாமல் வாசலுக்கு ஓடியிருப்பீர்கள். வந்தது பால்காரராக இருந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் நான் அப்படித்தான் இருந்தேன். ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்கு எண்ணெய்க் குழாய் போட வந்தவன். சூளை நன்றாக எரிய ஆரம்பித்ததும் எங்களை அனுப்பிவிட்டார்கள். ஒழுங்காக வேலையை முடித்தால் வேலை போய்விடும், அதுதான் எங்கள் தொழில். அதற்குள் இந்த ஊரிலேயே எனக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. என் மனைவி தனம் ஒரு சின்னப் பட்டறையில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் அடுப்பு அவள் கூலியில்தான் எரிந்தது. அவள் முழுகாமல் வேறு இருந்தாள்.

கல்யாணம் மாதிரி

முதல் ஏஜெண்டு கலியமூர்த்தி. ஜங்ஷன் எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சுதான் அவருடைய ஆபீஸ். பெண்ணாடத்தில் கரும்பு அரவை முடிந்ததும் சர்க்கரை மில்லில் மெஷின்களைப் பிரித்து மராமத்து பார்ப்பார்கள். அந்த வேலையை எடுக்கிற கான்ட்ராக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது கலியமூர்த்தி. வெள்ளை வேட்டி, காதோரம் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

என்னையும் வெல்டர் அந்தோணியையும் ஒரே நாளில்தான் சேர்த்துக்கொண்டார். அந்தோணியும் என்னோடு சூளை வேலையில் இருந்து வெளியே வந்தவன். பெஞ்சைச் சுற்றி எங்களை மாதிரியே ஒரு கூட்டம் நின்றது. கலியமூர்த்தி டீயை ஆற்றிக்கொண்டே சட்டம் சொன்னார். “எங்கிட்ட இருக்கறவன் வேற ஏஜெண்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. இது கல்யாணம் மாதிரி. கட்டினா கட்டினதுதான்.” எல்லோரும் தலையாட்டினோம். திரும்பி வரும்போது அந்தோணி என்னோடு வந்தான். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் நின்று சொன்னான்: “மாப்பிள்ள ஒருத்தரு, பொண்ணுங்க நாப்பது. இதுக்குப் பேரு கல்யாணமாப்பா?”

யெஸ் சார், ஐ கேன் சார்

அந்தச் சந்தேகம்தான் என்னை இரண்டாவது ஏஜெண்டிடம் கொண்டுபோனது. கடைவீதி மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துவந்த நடராஜன் சார், வடக்கே அனல் மின் நிலையம் கட்டுகிற கம்பெனிகளுக்கு ஆட்களை அனுப்பிவந்தார். அவருக்கு நம் ஊர் வேலைகள் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. “வேலைன்னா வடக்கதான்யா. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். ஆனா இங்கிலீஷ் வேணும்” என்பார். டைப் மெஷின்கள் தடதடக்கிற அந்த மாடியில் எனக்கு இங்கிலீஷ் பாடம் நடந்தது. எந்தக் கேள்வி வந்தாலும் “யெஸ் சார், ஐ கேன் சார்” என்று சொன்னால் போதும் என்றார். பாடத்துக்குக் கைம்மாறாக அவருடைய பழைய மெஷின்களை எல்லாம் பிரித்து எண்ணெய் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு நாள் கம்பெனி என்ஜினீயர் வந்து லாட்ஜில் தங்கி ஆள் எடுத்தார். நடராஜன் சார் என் பக்கத்திலேயே நின்றார். என்ஜினீயர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். “யெஸ் சார், ஐ கேன் சார்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். நான் இன்னும் சத்தமாக அதையே சொன்னேன். அவர் கேட்டது, எனக்கு வலிப்பு நோய் உண்டா என்று. பிறகு ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரம் போடச் சொன்னார். போட்டேன். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தவர், நடராஜன் சார் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போன நேரத்தில் குனிந்து, சுத்தமான நாகர்கோவில் தமிழில் சொன்னார்: “வேலை தெரிஞ்ச ஆளுதாம்டே நீ. இனிமே அந்த இங்கிலீஷ மட்டும் யார்ட்டயும் பேசிராத.”

தாடி வளர டைம்

தேர்வாகிவிட்டேன், கூப்பிடுவார்கள் என்றார்கள். கூப்பிடவில்லை. கலியமூர்த்தியும் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்றே ஓட்டினார். நடராஜன் சாரும் அவரைப் போலவே வேறு ஏஜெண்டு கூடாது என்ற கட்சி. இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு நான் பட்ட பாட்டை, இரண்டு ஏஜெண்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் சொல்ல முடியும். ஜங்ஷனில் கலியமூர்த்தியோடு நிற்கும்போது நடராஜன் சாரின் சைக்கிள் வரும். கடைவீதியில் சாரோடு நடக்கும்போது எதிரே வெள்ளை வேட்டி தெரியும். இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு சலூன் இருந்தது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தில் நுரையைப் பூசச் சொல்லிவிடுவேன். நுரைக்குள் இருக்கிற முகம் யாருடையது என்று எவருக்குத் தெரியும்?

ஒரே நாளில் காலையில் கலியமூர்த்திக்காக ஒரு தடவை, மதியம் நடராஜன் சாருக்காக ஒரு தடவை ஒளிய வேண்டி வந்தது. சாயந்திரம் மறுபடி ஓடிப்போய் உட்கார்ந்தபோது சலூன்காரர் கத்தியைத் தீட்டவில்லை. என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் துண்டை உதறினார்: “அண்ணே, நீங்க எத்தன ஏஜெண்டு வேணா வச்சிக்குங்க. தாடி வளர மட்டும் கொஞ்சம் டைம் குடுங்க.”

இரும்பு கேட் வீடு

மூன்றாவது ஏஜெண்டு ஒரு பெண். பாலக்கரையில் இரும்பு கேட் போட்ட வீட்டில் இருந்த ராஜேஸ்வரி அம்மா. அவருடைய வீட்டுக்காரர் பாய்லர், புகைபோக்கி வேலைகளைக் கான்ட்ராக்ட் எடுத்தவர். அவர் இறந்ததும் அம்மா தொழிலை மூடிவிடுவார் என்று ஊரே எதிர்பார்த்தது. காரியம் முடிந்த மறுநாள் அவருடைய நாற்காலியில் அம்மா உட்கார்ந்தார். ஆட்களைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவார் என்று பேச்சு. அதனாலேயே எனக்கு அங்கே போகப் பயம். ஆனால் தனத்துக்கு வர்ண வாடை ஒத்துக்கொள்ளாமல் பட்டறையிலேயே வாந்தி எடுக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று போய்விட்டேன்.

என்ன வேலை தெரியும் என்று அவர் கேட்கவே இல்லை. “கடைசி வேலைய ஏன் வுட்ட?” என்றார். “நான் வுடலீங்கம்மா. வேலை முடிஞ்சிபோச்சி” என்றேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “இந்த நாற்காலியில உக்காந்ததுலேர்ந்து இந்தக் கேள்விய கேக்கறேன். சூப்பர்வைசரு சரியில்லன்னு சொல்லாத மொத ஆளு நீதாம்பா.”

சட்டை

அரவை முடிந்தது. பெண்ணாடத்துக்கு வரச்சொல்லி கலியமூர்த்தி ஆள் அனுப்பினார். அன்றைக்கு நான் எத்தனை சந்தோஷமாக பஸ் ஏறினேன் என்று சொல்லிமாளாது. ஸ்பேனர் பையை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளாற்றுப் பக்கம் வரும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன். மில்லுக்கு வெளியே கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பெயர்களைக் கூப்பிட்டார். கலியமூர்த்தி அனுப்பிய ஆட்களில் “மாணிக்கம், ஃபிட்டர்” என்றார். முன்னால் போனேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் “மாணிக்கம், ஃபிட்டர்” என்றார். இது ராஜேஸ்வரி அம்மா அனுப்பிய ஆட்களில். அதே கான்ட்ராக்டருக்கு அம்மாவும் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். சொல்லி அனுப்பிய சேதி நான் பஸ் ஏறிய பிறகுதான் வீட்டுக்குப் போயிருக்கிறது.

அவ்வளவுதான். கலியமூர்த்தி ஒரு கையைப் பிடித்தார். அம்மாவின் ஆள் இன்னொரு கையைப் பிடித்தார். “எங்க ஆளு!” “எங்க ஆளு!” வேலை தேடிய இத்தனை மாதத்தில் என்னை இப்படி யாரும் விரும்பியதில்லை. இழுத்த இழுப்பில் சட்டை தோளில் கிழிந்தது. அந்த நேரம் பார்த்துத் தன் மச்சானுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒருவர் தூக்குவாளியோடு ஓரமாக நின்றார். “நீ என்ன வேலை?” என்றார் சூப்பர்வைசர். “ஃபிட்டருங்க.” “உள்ள போ.” தூக்குவாளியோடு அவர் உள்ளே போனார். கேட்டைச் சாத்தும்போது சூப்பர்வைசர் எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்: “நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க. மில்லு உங்களுக்காக நிக்காது.”

நம்ம வாசல்

அன்று நேராக வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்டேஷன் பக்கம், கடைவீதி, மறுபடி ஸ்டேஷன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எந்த இடத்திலும் நிற்க முடியவில்லை. நின்றால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

வீட்டுக்குப் போனதும் தனம் முதலில் என் தோளைத்தான் பார்த்தாள். கிழிந்த சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, ஊசியில் நூலைக் கோத்தாள். விரல் நகங்களில் பொம்மை உதட்டுக்குப் போடுகிற சிவப்பு ஒட்டியிருந்தது. நான் உட்கார்வதும் எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். யாராவது கூப்பிட வரலாமே. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவள் சொன்னாள்: “எல்லார் வாசல்லயும் நிக்கிறீங்க. நம்ம வூட்டு வாசல்ல நிக்கும்போதுகூட அடுத்தவங்க வாசலையேதான் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க.”

ஒரே நாளில்

மழை வந்தால் கொட்டும் என்பது ஏஜெண்டுகளுக்கும் பொருந்தும். தனத்துக்கு மாதம் நிறைந்திருந்த சமயம். காலையில் ராஜேஸ்வரி அம்மா கூப்பிட்டு அனுப்பினார். “பெண்ணாடத்துல உன் சட்டைய கிழிச்சிட்டாங்களாமே” என்று சிரித்துவிட்டு, ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் போகிற எண்ணெய்க் குழாய் ஒழுகுகிறது, உடனே போக வேண்டும், சில வாரத்து வேலை என்றார். வெளியே வந்தால் கலியமூர்த்தி. சேத்தியாத்தோப்பு ரைஸ் மில்லில் பாய்லர் வேலையாம். அம்மாவின் கேட்டிலிருந்து நான் வந்ததைப் பார்த்ததும் அவருக்கு என்மேல் இன்னும் பாசம் கூடியது. மதியம் நடராஜன் சாரே வீட்டுக்கு வந்துவிட்டார். வடக்கிலிருந்து தந்தி. மறுநாள் மெட்ராஸில் ரயில் ஏற வேண்டும். இரண்டு வருஷம்.

தனத்திடம் கேட்டேன். “வடக்க போனா ரெண்டு வருஷம் சோத்துக்குக் கவலை இல்ல. இங்க இருந்தா எனக்கு பயம் இல்ல” என்றாள். உலைத் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தோணி வீட்டுக்கு ஓடினேன். அவனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வடக்கே வெல்டரும் வேண்டும் என்பது தெரியும். அவனை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். என் இடத்துக்கு இவனை அனுப்புங்கள் என்றதும் சார் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை மாதப் பாடமும் வீணாகியிருந்தது. “இவருக்கு இங்கிலீஷ் வருமா?” என்றார். அந்தோணி நெஞ்சை நிமிர்த்தினான்: “யெஸ் சார், ஐ கேன் சார்!”

ஆஸ்பத்திரியில்

ராஜேஸ்வரி அம்மா சொன்ன சூளை வேலைக்கே போனேன். சூளையை அணைக்க முடியாது. உள்ளே பாண்டங்கள் வெந்துகொண்டிருக்கும். அதனால் ஒரு பக்கத்துக் குழாயை மட்டும் மூடிக்கொண்டு, மறுபக்கம் எரிய எரிய வேலை பார்த்தோம். முகமெல்லாம் வெந்துபோகும். அப்படி ஒரு இணைப்பைப் பிரித்து வைத்திருந்த நேரத்தில்தான் தனத்தோடு வேலை செய்கிற பெண் ஓடிவந்தாள். வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றாள். குழாயைத் திறந்தபடி போட்டுவிட்டுப் போக முடியாது. எண்ணெய் பீய்ச்சினால் ஆட்களே எரிந்துபோவார்கள். நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். அவசரப்பட்டால் நட்டு மரையில் உட்காராது. உட்கார மாட்டேன் என்றது. கடைசி நட்டு ஏறியதும் யாருடைய சைக்கிள் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு பறந்தேன்.

பெண் குழந்தை பிறந்திருந்தது. தனம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எண்ணெய்ச் சட்டையோடு கிட்டே போகக் கூசி, கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நர்சம்மா வந்து குழந்தையின் விவரங்களைக் கேட்டார். ஊர், எங்கள் பெயர் எல்லாம் சொன்னேன். “அப்பா என்ன வேலை?” என்றார். அத்தனை மாதமாக இந்தக் கேள்விக்கு நான் யாருக்கும் சரியாகப் பதில் சொன்னதில்லை. எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தேன். தூங்குகிறாள் என்று நான் நினைத்த தனம் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “இன்னிக்கி ஃபிட்டருன்னு போட்டுக்குங்க சிஸ்டர். நாளைக்கி சேதி நாளைக்கி.”

அந்தச் சூளை வேலை முடிந்த பிறகும் பல வருஷம் மில், பாய்லர், சூளை என்று ஏஜெண்டுகள் பின்னால் ஓடிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த ஊரில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர்களைவிட என்னிடம் வேலை வாங்கியவர்கள்தான் அதிகம்.