மச்சானின் குச்சிப்பந்து ஆட்டம்

பூச்சோங்கில் என் அக்கா வீட்டு டிவியில் ஒரே ஒரு பேஸ்பால் ஆட்டம் மாதக்கணக்கில் ஓடியது. அமெரிக்காவில் ஐம்பதுகளில் ஆடி முடித்த கறுப்பு வெள்ளை ஆட்டம். ஜெயித்தவன், தோற்றவன் எல்லாருமே இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதைத்தான் என் மச்சான், கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், சோபா நுனியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். தலையில் தொப்பி வேறு. வீட்டுக்குள் என்ன வெயிலோ!

அதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு யோசிக்கிறான், துப்புகிறான், மறுபடி யோசிக்கிறான். குச்சி பிடித்தவன் பூட்ஸைத் தட்டுகிறான். ஒருவழியாகப் பந்து வந்தால் அடிக்காமல் விட்டுவிடுகிறான். அதற்கு ஒரு கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் தேடி அலைகிறவனைப் பார்த்தாலாவது கொஞ்சம் விறுவிறுப்பு இருக்கும்.

"முடிவு தெரிஞ்ச ஆட்டத்தைப் போய் இப்படிப் பாக்குறீங்களே மச்சான், மண்டை கிண்டை குழம்பிருச்சா?"

"தெரிஞ்சா என்ன மாப்ளே? தம்பி எனக்குன்னு அனுப்புனது. அவன் வந்தா பேசணும்ல."

தம்பி என்பது அமெரிக்காவில் வேலை செய்யும் அவருடைய ஒரே மகன். போனில் அப்பாவோடு அவனுக்கு "சாப்பிட்டீங்களா"வுக்கு மேல் பேச்சு வராது. அப்படிப்பட்டவன் ஒரு நாள் இந்த லிங்க்கை அனுப்பிவிட்டான், மனிதர் குளிர்ந்து போய்விட்டார். மச்சானுக்கு அறுபதாம் கல்யாணம் கிள்ளான் கோயிலில் ஏற்பாடாகியிருந்தது. கலசத் தண்ணீரை முதலில் மகன்தான் ஊற்ற வேண்டும். வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல், "பாக்குறேன்பா" என்று இழுத்துக்கொண்டிருந்தான் அந்தத் துரை.

"இதுல நாலு மூலையும் சுத்திட்டு, கெளம்புன எடத்துக்கே திரும்பி வரணும் மாப்ளே. அப்பதான் பாயிண்ட்டு."

"அப்போ உங்க மகன் இப்ப எந்த மூலையில நிக்குறான்?" என்றேன். என் வாய் அப்படி. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலைவரை மச்சான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டு வேட்டி, மாலை, கழுத்து நிறைய சந்தனம். கலசத்தைத் தூக்கும் நேரத்தில் அக்காவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. மகன்தான். லீவு கிடைக்கவில்லையாம், டிக்கெட் விலையாம், வழக்கமான புராணம். மச்சான் அதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை.

"தம்பி, நீ அனுப்புன ஆட்டம் முழுசா பாத்துட்டேன்யா. அந்தக் கடைசி அடி இருக்கே, அப்பப்பா! அவன் ஏன் அந்தப் பந்த விடல?"

"எந்த ஆட்டம்பா?"

"பழைய பேஸ்பாலுய்யா, கறுப்பு வெள்ளை."

"ஓ, அதுவா? ஆபீஸ் குரூப்ல வந்துச்சுப்பா. எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணேன். நான் பாக்கவே இல்ல லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். "பரவால்லய்யா, நேரம் கெடைச்சா பாரு. நல்லாருக்கும்," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைக் கலசத்துக்குள்ளேயே போட்டிருப்பேன். ஐயர் "பையன் எங்கே?" என்று கேட்டார். நான்தான் போய் முதல் தண்ணீரை ஊற்றினேன். மச்சான் தலை குனிந்தே இருந்தார். அவர் முகத்தில் வழிந்ததெல்லாம் நான் ஊற்றிய தண்ணீர் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு பூச்சோங் போனேன். டிவி அணைந்து கிடந்தது. அவர் தொப்பி இப்போது செருப்பு அலமாரிமேல் இருந்தது.

"என்ன மச்சான், ஆட்டம் போடலயா? போடுங்க, நானும் பாக்குறேன்," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

"வேணாம் மாப்ளே," என்றார். "முடிவு தெரிஞ்ச ஆட்டந்தானே."