ராத்தா கால் நீட்டிய நாள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ராஃப்டிங் போன பெண் நான்தான். இதை எழுத்தில் போட்டுவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே ஆசை. போனது நான்கு பேர் என்றாலும் தோணிக்குள் முதலில் காலை வைத்தவள் நான். ஆகவே அந்தப் பெருமையை நான் யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை. ஆனால் அன்றைக்கு அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் வாய்த்தது. அதற்கு நான் சொன்ன பொய் ஒன்றை என் வாயாலேயே உடைக்க வேண்டியிருந்தது.

மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. எங்கள் கடற்கரைப் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்ணுக்குப் பெற்றவர்கள் வீடு கொடுக்க வேண்டும். வீடில்லாத பெண்ணைக் கேட்டு லேசில் யாரும் வரமாட்டார்கள். மகளுக்கு நாங்கள் கொடுக்கப்போவது நாங்கள் குடியிருக்கும் அதே வீட்டைத்தான். கல்முனையில் பெரிய ரோட்டிலிருந்து மூன்றாவது வளவு, கீழே நாலு அறை, மேலே ஒரு தட்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அந்த நிமிர்ந்த பார்வை எனக்குத் தேன் குடித்தமாதிரி இருக்கும்.

மாப்பிள்ளையின் உம்மாவும் அப்படித்தான் பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் யார் கட்டிய வீடு என்று கேட்டார். என் ராத்தா கட்டியது, குவைத்தில் நேர்சரி டீச்சராக இருந்தவ என்று நான் சொன்னேன். ராத்தா என்று நான் கூப்பிடும் என் மூத்த சகோதரி அப்போது குசினியில் பலகாரத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவே ஒரு சீலைதான் தொங்குகிறது. அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்தார், எல்லாரையும் எடுக்கச் சொன்னார், திரும்பிப் போனார்.

ராத்தா ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. கலியாணமாகி இரண்டு வருஷத்தில் மச்சான் அவரை விட்டுவிட்டுப் போனார். பிள்ளையும் இல்லை. அடுத்த வருஷம் வாப்பா மௌத்தானார். மிஞ்சியது உம்மா, பதினாலு வயதில் நான், கிடுகு வேய்ந்த ஒரு வீடு. எனக்கு வீடு கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு ராத்தா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். பதினொரு வருஷம் ஒரே வீட்டில் வேலை. அங்கிருந்து கடிதம் எழுதமாட்டார், கெசட்டில் பேசி அனுப்புவார். ஒரு கெசட்டில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: வீட்டுக்காரி கிழவிக்குச் சீனி வருத்தம், கால் எரிச்சல், ராத்தா காலைப் பிடித்துவிட்டால்தான் அந்த மனிசிக்குக் கண் அயரும். உம்மா கேட்டால் அழுவார் என்று அந்த இடத்துக்கு மேலே நான் ஒரு பைத்துப் பாட்டைப் பதிந்துவிட்டேன். உம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு என் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது டீச்சர் என்ற சொல் வாயில் தானாக வந்தது. என் கணவருக்கு ஒரு மாதத்தில் உண்மை தெரிந்துவிட்டது, அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் நான் அந்தப் பொய்யை விடவில்லை. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய் வந்த பெண்களைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு மாதிரிக் கதைப்பார்கள். அந்தப் பெண்கள் அனுப்பியதை வாங்கும்போது மட்டும் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்படிக் கதைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவர்களுக்குப் பயந்து பொய் சொல்கிறவளும் நான்தான்.

இந்தப் பயணம் என் யோசனை. கலியாணத்துக்கு முன் இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து எங்காவது போய்வந்தால் முகம் பழகும் என்றேன். வழக்கமாக எல்லாரும் போகும் நுவரெலியாவுக்குப் போய்க் குளிரில் நடுங்க எனக்கு விருப்பமில்லை. மகள் ஃபோனில் கித்துல்கலையைக் காட்டினாள். களனி ஆற்றில் ரப்பர் தோணியில் வழுக்கிக்கொண்டு வரலாம், கரையில் ஏறியதும் வெந்நீரில் கால் கழுவி எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுவார்களாம். அதுதான் என்று முடிவெடுத்தேன். வயல் வெட்டி முடிந்த கையோடு சும்மா இருந்த என் கணவர், தண்ணீரில் போகத்தான் ஆசை என்றால் மாரியில் கிட்டங்கித் தாம்போதிப் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும்போது ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக் காட்டுகிறேன், இவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே வாடகைக்கு வான் வண்டி பிடித்தார்.

ராத்தா வரவில்லை என்றார். விட்டிருப்பேன். ஆனால் சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் உம்மா, ஃபோன் எடுத்து, வீடு கட்டின மனிசியும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். ராத்தாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்காக வாயை மூடிக்கொண்டு இருப்பார், அவ்வளவுதான். சம்பந்தி நேரே கேட்டுவிட்டால் என்ன ஆகும்? பொய் சொல்லிப் பெண் கொடுக்கும் வீட்டுக்கு மகனை அனுப்பமாட்டேன் என்று அவர் எழும்பிப் போனால் என் பிள்ளையின் கதி என்ன? கண்டிக்குப் போய்ச் சேரும் வரை வானில் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மகியங்கனை மலை வளைவுகளில் தலை சுற்றியும் இடத்தை விடவில்லை.

கண்டியில் ஒரு வாடகை வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் கித்துல்கலைக்கு இறங்கினோம். என் கணவரும் வான்காரரும் கரையில் அடுப்பு மூட்டிச் சோறு சமைக்க நின்றுவிட்டார்கள். நான், ராத்தா, மகள், சம்பந்தி நான்கு பேரும் அபாயாவுக்கு மேலே செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டி, தொப்பிக்கு மேலே தொப்பியாக ஸ்காஃபுக்கு மேலே ஹெல்மட்டையும் மாட்டிக்கொண்டோம். எங்களைப் பார்த்த என் கணவர், யுத்தத்துக்கா போறீங்க என்று கேட்டார். நான் கடற்கரை ஊர்க்காரி, தண்ணீருக்குப் பயப்படுகிறவள் இல்லை என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு முன்னால் ஏறிக்கொண்டேன். அவர் நரைத்த தாடி வைத்த சிங்களவர். எங்கள் பாஷையில் மூன்று சொல் தெரியும்: முன்னுக்கு, நிப்பாட்டு, குனி.

கடற்கரை ஊர்க்காரி என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பெண்கள் கடலைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. முதல் பாய்ச்சலில் தண்ணீர் கல்லில் மோதி எழும்பி முகத்தில் அறைந்தபோது நான் துடுப்பைப் போட்டுவிட்டுத் தோணியின் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சம்பந்தி பின்னால் ஓதிக்கொண்டிருந்தார். மகள் கத்திக்கொண்டிருந்தாள். துடுப்புப் போட்டது ராத்தா ஒருவர்தான். அறுபதை எட்டிப் பிடிக்கும் வயதில், வழிகாட்டி முன்னுக்கு என்றால் முன்னுக்கு, நிப்பாட்டு என்றால் நிப்பாட்டு. இரண்டாவது பாய்ச்சலையும் மூன்றாவதையும் அப்படியே கடந்தோம். வழிகாட்டி ராத்தாவைக் காட்டிப் பெருவிரலை உயர்த்தினார். எனக்குப் பெருமை பொங்கியது. என் ராத்தா அல்லவா.

அதற்குப் பிறகு ஆறு அமைதியாகிவிட்டது. இரண்டு கரையிலும் காடு குனிந்து நின்றது. தோணி தன்பாட்டில் மெதுவாகச் சுழன்று போனது. யாருக்கும் அவசரமில்லை. மகள் கையை நீரில் விட்டுக்கொண்டு வந்தாள். அந்த அமைதியில்தான் சம்பந்தி ராத்தாவைப் பார்த்துக் கேட்டார், மதினிக்குக் கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று. ராத்தா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். நேர்சரியில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வந்த பலம் என்றேன். ராத்தா என்னைப் பார்க்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். அந்த ஆற்றின் அழகில் பாதி எனக்கு அந்த இடத்தோடு போய்விட்டது.

கரையேறி உடுப்பு மாற்றிக்கொண்டு கால் பிடிக்கும் அறைக்குப் போனோம். பெண்களுக்குத் தனி அறை. இரண்டு சாய்கதிரை, எதிரே உட்கார ஒரு நீள வாங்கு. வேலை செய்கிறவர்களும் இரண்டு பெண்கள். முதலில் சம்பந்தியும் மகளும் பிடிப்பித்துக்கொண்டு, கால் பளபளக்க எதிர் வாங்கில் போய் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார்கள். பிறகு என் முறையும் ராத்தாவின் முறையும்.

உப்பும் தேசிக்காய்த் துண்டும் போட்ட வெந்நீர்ச் சட்டியில் என் காலை வைத்தபோது, உடம்பில் இருந்த களைப்பு முழுக்க அதற்குள் இறங்கியது. பக்கத்தில் ராத்தாவின் முன்னால் இருந்த பெண் அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். ராத்தா இழுத்துக்கொண்டார். அவள் சிரித்துவிட்டு மறுபடி எடுத்தாள். ராத்தா மறுபடியும் இழுத்துக் கதிரைக்குக் கீழே மடக்கிக்கொண்டார். அம்மாவுக்குக் கூச்சமா என்று அவள் சிங்களத்தில் கேட்க, மகள் மொழிபெயர்த்தாள்.

"வேணாம் மகள். நான் இப்பிடியே இரிக்கன்" என்றார் ராத்தா.

சம்பந்தி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, மதினிக்குக் கால் நோவா என்று கேட்டார். எனக்குப் பொய் தயாராக இருந்தது. ராத்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் ராத்தாவின் கையைக் கண்டேன். என் காலைப் பிடிக்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் வலது பெருவிரல், கதிரையின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெருவிரலின் மூட்டு வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்கும். அது அப்படித்தான் என்று இவ்வளவு காலமும் பார்த்தும் பாராமல் இருந்திருக்கிறேன். ராத்தா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"பாவம் புள்ள. அந்தப் புள்ளைக்குப் பெருவிரல் நோகும்."

சட்டியிலிருந்து காலை எடுத்துவிட்டேன். ஈரக் காலோடு நிலத்தில் எழும்பி நின்றேன்.

"மதினி, நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன். என்ட ராத்தா டீச்சர் இல்ல. குவைத்துல வீட்டுவேல செஞ்சவ. பதினொரு வருஷம் ஒரு மனிசிட கால் புடிச்சவ. நீங்க நிமிந்து பாத்த வீடு இந்தக் கையால கட்டின வீடு."

வேலை செய்கிற பெண்கள் இருவரும் என்ன நடந்தது என்று தெரியாமல் மகளைப் பார்த்தார்கள். மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. கலியாணம் இந்த அறையோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு மனமில்லை. வேண்டுமானால் இன்னொருமுறை உரத்துச் சொல்லியிருப்பேன்.

சம்பந்தி கோப்பையை வாங்கில் வைத்தார்.

"தெரியும் மதினி. என்ட மகன அனுப்பப் போற வீடு. அத ஆர் கட்டினதெண்டு விசாரிக்காம வருவனா? அந்த மனிசி கட்டின வீடெண்டுதான் சரியெண்டு சொன்னன். நீங்க ஏன் டீச்சரெண்டு சொன்னீங்க, அதுதான் எனக்கு விளங்கல்ல."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு ஆறுதலுக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த கதையை நான் ஒருத்தி மட்டும் மூடிவைத்துக் காவல் காத்திருக்கிறேன். வானில் தலை சுற்றச் சுற்ற நடுவில் இருந்ததும் வீண். இவர் வீட்டிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? ராத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒருநாளும் வெக்கமில்ல புள்ள" என்றார். "உனக்குத்தான் வெக்கமெண்டு நினைச்சி நான் சும்மா இருந்தன்."

அழுகை வந்தது, அழுதேன். மகள் எழும்பி வந்து ராத்தாவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள். நீட்டுங்க பெரியம்மா என்றாள். ராத்தா என்னைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார். பிறகு மடக்கி வைத்திருந்த காலை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் நேரே நீட்டினார். விருந்தாளிகளுக்கு முன்னால் ராத்தா கால் நீட்டியதை அன்றைக்கு வரை நான் கண்டதில்லை. குதிகால் வெடித்து, விரல்கள் அகன்ற கால். அதைப்போல் வடிவான கால் அந்த அறையில் வேறு யாருக்கும் இல்லை.

அந்தப் பெண் எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் ராத்தாவின் பெருவிரல் கைப்பிடியில் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அது நின்றது. பார்த்தால், ராத்தா வாய் சற்றுத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். எங்களுக்குத் தந்த நேரம் முடிந்தபோது அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னொரு முறைக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி மகளிடம் சொல்லிவிட்டேன்.

கதவுக்கு வெளியே என் கணவரின் குரல் கேட்டது. சோறு இறக்கி எவ்வளவு நேரமாகிறது, எல்லாரும் உள்ளே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் நீட்டினேன்.

"ராத்தா கால் நீட்டிப் படுத்திரிக்கா" என்றேன். "சோறு ஆறட்டும்."