ஒன்றுக்கு ஐம்பதில் ஒரு மேசை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அளவுக்காரி. கட்டடப் பிளான் வரைகிற இடத்தில் எல்லோருமே அளவுக்காரர்கள்தானே என்று கேட்கலாம். மற்றவர்கள் அளவை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இவள் அச்சாகி வந்த தாளை மேசையில் விரித்து, இரும்பு ஸ்கேலை வைத்து, எழுதியதும் வரைந்ததும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விடுவாள். ஒரு நூல் தப்பினாலும் தாள் குப்பைக்குப் போகும். மேலாளர் தலையில் அடித்துக்கொள்வார். "கட்டப்போறது வீடும்மா, கைக்கடிகாரம் இல்ல."

அலுவலகம் ஊரின் மறுகோடிக்கு மாறியபோது அவள் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். துணி மடிக்கிற சின்ன அறைதான் ஆபீஸ். முன்பு ஆள் நீளத் தாளை அலட்டிக்கொள்ளாமல் துப்பிய இயந்திரம் இருந்தது. இப்போது மேசை மூலையில் ஒரு குட்டி பிரிண்டர். சாதாரணத் தாளைத் தவிர வேறெதுவும் அதன் வாய்க்குள் நுழையாது. ஆனாலும் சின்ன வீடு ஒன்றை ஒன்றுக்கு ஐம்பது என்று சுருக்கினால் அந்தத் தாளில் அடங்கிவிடும். வீட்டில் ஐம்பது சென்டிமீட்டர், தாளில் ஒரு சென்டிமீட்டர். அவ்வளவுதான் கணக்கு.

பிளானைக் காட்டினால் பாதிப் பேருக்குப் புரியாது, ஆனால் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் அதே அளவில் தடித்த தாளில் அச்சடித்து வெட்டி, ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். வருகிறவர்கள் பிளான்மேல் அவற்றை நகர்த்திப் பார்ப்பார்கள். பீரோ ஒரு சுவரில் நிலைகொள்ளும், சோபா இன்னொன்றில் நிலைகொள்ளும், மாமியாருடைய கட்டில் மட்டும் அறை அறையாகச் சுற்றும்.

டப்பா கொடுத்தவர் கணவர். மருந்துக்கடையில் வேலை. அலமாரியில் ஒரு பாட்டில் கோணலாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய அக்கா, இவள் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனார், தையற்காரி. கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து வேறு இடம் தேடி அலைந்து, கடைசியில் ஓர் அறை அமைந்தது. வெளிச்சம் உண்டு, வாடகையும் தாங்கும். ஒரே ஒரு சந்தேகம் மேசை. துணி வெட்டுகிற அந்த மேசை ஒற்றைப் பலகை, இரண்டு மீட்டர் நாற்பது நீளம். விளிம்பு முழுக்க அவளே கத்தியால் கீறிய சென்டிமீட்டர் கோடுகள். அவள் டேப் எடுப்பது ஆளை அளக்க மட்டும்தான். துணிக்கு மேசையே அளவு.

புது அறையில் மற்றச் சுவர்களை ஜன்னலும் அலமாரியும் பிடித்துக்கொண்டன. மேசை போகக்கூடியது ஒரே இடம்: மூலைத் தூணுக்கும் கதவுக்கும் நடுவில். வீட்டுக்காரர் அனுப்பிய பிளானில் அறையின் நீளம் நான்கு மீட்டர் என்று எழுதியிருந்தது. தூணிலிருந்து கதவு வரை எவ்வளவு என்று எழுதவில்லை. நேரில் அளக்கலாமென்றால் குடியிருப்பவர்கள் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் வீட்டுக்காரர்.

அந்த நான்கு மீட்டரை வைத்து அளவுக்காரி பிளானை ஒன்றுக்கு ஐம்பதில் திருத்தமாக வரைந்து வைத்தாள். காகித மேசையையும் வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்; அவசரத்தில் ஸ்கேல் வீட்டிலேயே தங்கிவிட்டது. வழியில் வேறொரு வேலை இருந்ததால் கணவரிடம், "பிளானை மட்டும் பிரிண்ட் எடுத்து அண்ணிகிட்ட குடுத்துடுங்க, நான் நேரா கடைக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைக்கு அவள் வந்தபோது தாள் தயாராக விரிந்திருந்தது. நாத்தனார் வாயில் குண்டூசிகளோடு நின்றாள்.

"எங்க, உன் பொம்மை மேசையை எடு."

அளவுக்காரி காகித மேசையைத் தூணோடு ஒட்டி வைத்தாள். மறுமுனை கதவின்மேல் ஏறி நின்றது. எடுத்துத் திரும்ப வைத்தாள். அப்போதும் ஏறியது.

"எவ்ளோ ஏறுது?"

"ஒரு மில்லிமீட்டர், அண்ணி."

"ஒரு மில்லியா? அது நகத்தழுக்கும்மா!"

"இதுல ஒரு மில்லின்னா அங்க அஞ்சு சென்டி. கதவு திறக்காது."

நாத்தனார் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள். தம்பி மனைவி அளவு சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்த அறையை விட்டால் வேறு அறை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். போனை எடுத்து, பக்கத்துத் தெருத் தச்சரைக் கூப்பிட்டாள்.

"அறுத்துடலாம். மேசைதானே, குழந்தையா?" என்றாள். சொன்ன வேகத்தில் பாதிகூட அவள் முகத்தில் இல்லை.

தச்சர் ரம்பத்தோடு வந்தார். பலகையை ஒரு தட்டு தட்டினார். "நல்ல மரம்மா. இதுல போய் கை வைக்கணுமா?"

"வைக்கணும். எந்தப் பக்கம் அறுப்பீங்க?"

"இந்தப் பக்கம்தான் கால் தள்ளி இருக்கு. அந்தப் பக்கம் அறுத்தா கால் கழண்டுடும்."

இந்தப் பக்கத்தில்தான் பூஜ்யம் இருந்தது. அறுத்தால் மேசை ஐந்திலிருந்து தொடங்கும். அப்புறம் வெட்டுகிற ஒவ்வொரு துணிக்கும் மனசுக்குள் ஐந்தைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாத்தனார் சாக்கட்டியால் கோடு இழுத்தாள். தச்சர் ரம்பத்தைக் கோட்டில் பொருத்தி, முழங்காலை மேசைமேல் ஊன்றினார்.

அதைப் பார்க்க மாட்டாமல் அளவுக்காரி தாளின் பக்கம் திரும்பினாள். தாள் அழகாக இருந்தது. பிளானைச் சுற்றி நான்கு பக்கமும் சட்டக் கோடு, படத்துக்கு ஃப்ரேம் போட்ட மாதிரி.

நான்கு பக்கமும்.

"நிறுத்துங்க!"

தச்சர் ரம்பத்தைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

அவள் போடுகிற சட்டக் கோடு அலுவலக நாளிலிருந்து வந்தது, தாளின் ஓரத்தை ஒட்டி ஓடும். வீட்டு பிரிண்டருக்கு வலது ஓரம் வரை மை எட்டாது. சரியான அளவில் எடுத்தால் வலதுபக்கக் கோடு காணாமல் போகும், எப்போதும் போகும். சட்டம்தானே, சுவரா என்று அவளும் விட்டுவிட்டாள். அவள் வீட்டில் நான்கு கோடும் முழுசாக வந்த தாள் ஒன்றே ஒன்றுதான், அது இதுதான்.

"அண்ணி, டேப் குடுங்க."

நாத்தனார் கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கொடுத்தாள். அளவுக்காரி தாளில் அறையின் நீளத்தை அளந்தாள். நான்கு மீட்டர் என்றால் தாளில் எட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஏழே முக்காலைக்கூடத் தொடவில்லை. கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, பிளானை எப்படி எடுத்தீங்க?"

"ஏன், நல்லா வந்திருக்கா?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் கேக்கறேன்."

"நீ எடுத்தா எப்பவும் ஒரு பக்கம் கோடு வெட்டுப்பட்டு மூளியா வரும். அக்காவுக்குக் குடுக்கறதாச்சே! ஃபிட் டு பேஜ்னு ஒண்ணு இருந்துது, முழுசையும் தாளுக்குள்ள அடக்குமாம், அமுக்கினேன். சும்மா ஜம்முனு..."

"அமுக்கினதுல அறையே சுருங்கிடுச்சு. மேசை சுருங்கல."

"எவ்வளவு சுருங்கிச்சு?"

"உங்க அக்கா ரம்பம் வாங்கற அளவுக்கு."

நாத்தனார் போனைப் பிடுங்கினாள். "டேய் தம்பி, பத்து நிமிஷத்துல ஒழுங்கான தாளோட வர்றே. வலது பக்கம் கோடு இருந்துதோ, உன் மீசையை இந்த மேசையில வெச்சு வெட்டுவேன்."

அவர் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். தாளில் வலதுபக்கக் கோடு இல்லை. அறை எட்டு சென்டிமீட்டர். காகித மேசை தூணை ஒட்டி உட்கார்ந்தது, கதவுக்கு இப்பால் ஒரு மயிரிழை வெள்ளை தெரிந்தது.

"அஞ்சு சென்டி மிச்சம்" என்றாள் அளவுக்காரி.

நாத்தனார் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அறையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். தச்சர் மட்டும் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அப்போ நான் எதுக்கு வந்தேன்?" என்று கேட்டார். "வந்ததுக்கு என் தம்பியைத் தூக்கிட்டுப் போங்க" என்றாள் நாத்தனார்.

குடிபோன அன்று நாலு பேர் சேர்ந்து மேசையைத் தூணோடு ஒட்டிப் போட்டார்கள். கதவு தடையில்லாமல் திறந்தது. நாத்தனார் இடுக்கில் டேப்பை விட்டுப் பார்த்தாள்.

"அஞ்சுன்னு சொன்னே. நாலரைதான் இருக்கு."

"சுவர்ப்பூச்சுல அரை போயிருக்கும், அண்ணி."

"பூச்சா, உன் பேச்சா?"

அளவுக்காரிக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, தரையில் மண்டியிட்டு, பூச்சின் ஓரத்தை அளக்க ஆரம்பித்தாள். அவள் தலைக்கு மேலே நாத்தனார் அதற்குள் நீலத் துணியை விரித்து, நுனியைப் பூஜ்யத்தில் வைத்து, கத்தரிக்கோலை ஓடவிட்டிருந்தாள்.